படத்தில் கழுத்து வரை, பாட்டிலில் தோள் வரை: பழைய ஆஸ்திரேலிய ஒயின் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மெல்பர்னில் பழைய ஒயின் சேர்த்து வைத்துக் குடிப்பவர்களும், புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கடந்த டிசம்பரில் ஒரு டஜன் பழைய பாட்டில்களுக்கு 1,380 டாலர் கொடுத்தேன். இதுவரை திறந்த எட்டில் ஒன்றுகூட வாயில் வைக்கும்படி இல்லை.

விற்றவர் வீட்டுச் சேகரிப்புகளை மொத்தமாக எடுத்து இணையத்தில் விற்கும் ஒரு சிறு வியாபாரி. 1998 கூனவாரா கேபர்னே ஆறு, 1996 பரோசா ஷிராஸ் இரண்டு, 2005 ஹண்டர் பள்ளத்தாக்கு செமியான் நான்கு. ஆண்டுக்கு அடுத்து வருவது திராட்சை விளைந்த ஊர், கடைசியில் வருவது திராட்சை வகை; கேபர்னேயும் ஷிராஸும் சிவப்பு, செமியான் வெள்ளை. "ஒரே உரிமையாளர், 14 டிகிரியில் ஒரே சீராக வைக்கப்பட்டவை" என்று எழுதியிருந்தார். மூன்று படங்களும் போட்டிருந்தார். கேபர்னே படத்தில் ஒயின் கழுத்து வரை நின்றது. லேபிளின் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். 1998 தெற்கு ஆஸ்திரேலியாவின் சிவப்பு ஒயின்களுக்கு அருமையான ஆண்டு. அந்த ஆண்டையும் ஊர்ப் பெயரையும் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. வேறு கேள்வி எதுவும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன்.

பெட்டி வந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். ஆறு கேபர்னேயில் எதன் லேபிளிலும் அந்தக் கிழிசல் இல்லை. ஒயின் மட்டம் இரண்டில் கழுத்தின் அடிவரை இருந்தது, நான்கில் தோளின், அதாவது கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலமாகிற வளைவின், நடுப்பகுதிக்கு இறங்கியிருந்தது. கழுத்தின் அடியில் நின்றால் அந்த வயது பாட்டிலுக்கு இயல்புதான். தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் கார்க் வழியாக எதுவோ வெளியே போயிருக்கிறது, காற்று உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கே புகார் சொல்லியிருக்க வேண்டும். பயணம் வந்த பழைய ஒயினை இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் விட வேண்டும் என்பது வழக்கம். அதை நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

ஜனவரிக் கடைசியில் முதல் கேபர்னேயைத் திறந்தேன். மண்டி அடியில் தங்கட்டும் என்று முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தேன். கழுத்தைச் சுற்றியிருந்த தகட்டு உறையை விரலால் திருகினால் நல்ல பாட்டிலில் கொஞ்சமாவது சுழலும். இது ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. கத்தியால் வெட்டி எடுத்தபோது உள்ளே காய்ந்துபோன ஒயின், வெல்லப்பாகு மாதிரி கறுத்துப் படிந்திருந்தது. பழைய கார்க்குக்கென்றே உள்ள இரட்டை நாக்குத் திறப்பானைச் செருகி மெதுவாக ஆட்டி எடுத்தேன். கார்க்கின் ஒரு பக்கம் முழுக்க, அடியிலிருந்து உச்சி வரை, சிவப்புக் கறை ஒரு கோடாக ஓடியிருந்தது. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் புளிக்கரைசல் நிறம். கூனவாரா கேபர்னே நன்றாக முதிர்ந்தால் பிளாக்கரண்ட் பழ வாசனைக்கு அடியில் புகையிலை, தேவதாரு மரம், கொஞ்சம் புதினா எல்லாம் வரும். இதில் வந்தது வேகவைத்த உலர்ந்த பழமும் சோயா சாஸும்தான்.

வெயில் செய்கிற வேலை இது. சூடு ஏறினால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளி ஓரமாகக் கசியும். ஆறினால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். கோடைக்குக் கோடை இது நடந்தால் 25 வருஷ ஒயின் என்ன ஆகும்? மெல்பர்னில் 40 டிகிரி தாண்டும் நாட்கள் பல கோடைகளில் வரத்தான் செய்கின்றன. கேரேஜில் வைத்தால் அதைவிடவும் சூடு. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் நம் வீடுகளில் தெற்குப் பக்க அறைதான் குளிர்ச்சி. வடக்கு, மேற்குச் சுவர் ஓரம் ஒயினை வைக்கவே கூடாது.

அடுத்தடுத்து மூன்று கேபர்னே, ஒரு ஷிராஸ். எல்லாம் அதே கதை. மின்னஞ்சல் அனுப்பினேன். "கார்க் போட்ட பழைய ஒயின் என்றால் அதிர்ஷ்டம்தான், ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்" என்று பதில் வந்தது. அது பொதுவாக உண்மை என்பதால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

செமியானைத் திறந்த பிறகுதான் தெளிவு வந்தது. அந்த நான்கும் திருகு மூடி போட்டவை. கார்க்கே கிடையாது, அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. மூடியில் நசுங்கலும் இல்லை. ஹண்டர் செமியான் அபூர்வமான சரக்கு. திராட்சையைச் சீக்கிரமே பறித்து, மரப்பீப்பாய் வாசனை சேர்க்காமல், 10 அல்லது 11 சதவீத ஆல்கஹாலோடு பாட்டிலில் அடைப்பார்கள். இளசில் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், பத்துப் பதினைந்து வருஷத்தில் பீப்பாயே பார்க்காமல் வாட்டிய ரொட்டியும் தேனும் மணக்கும். எதிர்வீட்டு இத்தாலியப் பெரியவர் வீட்டுக்கு அடியில் குழி தோண்டி ஒயின் வைத்திருப்பவர். அதே தயாரிப்பு, அதே 2005, அவரிடமும் இருந்தது. ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் தாளின் மேல் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை வைத்தோம். அவருடையது பச்சை ஓரத்தோடு வெளிர் பொன்னிறம், வாயில் வைத்தால் இன்னும் எலுமிச்சைப் புளிப்பு. என்னுடையது தேநீர் நிறம். மணம் செத்துப் போயிருந்தது. இன்னும் இரண்டைத் திறந்தோம், அதேதான். பெரியவர் முகர்ந்துவிட்டு, "இது வெயிலில் கிடந்தது" என்று மட்டும் சொன்னார்.

படமெடுத்து வியாபாரிக்கு மறுபடி எழுதினேன். 14 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் போடும் கெடு ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தை மீற முடியாது. பொருள் அவர் எழுதிய விவரத்துக்குப் பொருந்த வேண்டும். "14 டிகிரியில் வைக்கப்பட்டது" என்பதும் விவரம்தான். விக்டோரியா நுகர்வோர் விவகார அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுதிய பிறகு, திறக்காத நான்குக்கு மட்டும் பணம் திரும்ப வந்தது. மற்றதற்கு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தனிநபர் ஒருவரிடம் வாங்கினால் தரம் பற்றிய இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏலத்திலும் அப்படித்தான். அங்கே இன்னும் கவனம் தேவை.

இனி நான் வாங்கினால் முதல் கேள்வி, இது எந்த வீட்டில், எந்த அறையில் கிடந்தது என்பதுதான். நான் வாங்கப்போகும் அதே பாட்டிலின் படம் வேண்டும், கழுத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து எடுத்ததாக. தகட்டு உறையின் உச்சியும் தெரிய வேண்டும், கார்க் மேலே தள்ளியிருந்தால் அங்கே வீங்கித் தெரியும். பென்ஃபோல்ட்ஸ் சிவப்பு ஒயின் என்றால் ஒரு வசதி உண்டு. அந்த நிறுவனம் 1991 முதல் 15 வயது தாண்டிய தன் பாட்டில்களைச் சோதித்து, கார்க் மாற்றித் தரும் முகாம் நடத்துகிறது. தேறிய பாட்டிலின் பின்பக்கத்தில் கையெழுத்திட்ட லேபிள் இருக்கும். அதில் உள்ள தேதியைக் கேளுங்கள், அதற்குப் பிறகு எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். ஆறு பாட்டில் வந்தால் ஒன்றை முதல் வாரமே திறந்துவிடுங்கள். ஓய்வு கொடுக்காததால் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், பரவாயில்லை. வெந்துபோன ஒயினா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நேற்று அதே வியாபாரியின் பக்கத்தைப் பார்த்தேன். 1998 கூனவாரா ஆறு பாட்டில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே படம். லேபிளின் இடது ஓரத்தில் அதே கிழிசல்.