ஜியோகேச்சிங்குக்கு எந்த ஜிபிஎஸ்? ரெண்டு தடவ காசு விட்டவன் சொல்றேன்

ஜியோகேச்சிங்னா, யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவ ஜிபிஎஸ் வெச்சுத் தேடற வெளையாட்டு. மொதல்ல ஒரு விஷயம், சிங்கப்பூர்ல ராஃபிள்ஸ் பிளேஸ், ஆர்ச்சர்டுன்னு டவுனுக்குள்ள மட்டும் டப்பா தேடுறவங்களுக்குத் தனியா ஜிபிஎஸ் மிஷினே வேணாம், கையில இருக்கிற போன் போதும், மேல படிக்காம போய் ஒரு தே தாரிக் குடிங்க. அந்த உயர கட்டடங்களுக்கு நடுவுல சிக்னல் சுவத்துல மோதி மோதித்தான் வரும், நானூறு டாலர் மிஷினும் அங்க தடுமாறும். நான் பேசப்போறது மரத்தடி, ரயில் காரிடர், பூலாவ் உபின் தீவு, மழையில நனைஞ்ச செருப்புன்னு அலையற ஆளுங்களுக்கு.

நான் டப்பான்னு சொல்றது கேஷ், இங்கிலீஷ்ல cache, காசுக்குச் சொல்ற cash மாதிரியே காதுல விழும். ஒருநாள் போன்ல பொண்ணுகிட்ட "கேஷ் கெடச்சுச்சா, உள்ள என்ன இருக்கு"ன்னு கேட்டத ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா கேட்டுட்டு, "ஏண்டா, ரோட்ல காசு பொறுக்கற அளவுக்கு ஆயிருச்சா"ன்னு மூஞ்சி தொங்கிப்போச்சு. அன்னிலேர்ந்து வீட்ல அதுக்குப் பேரு டப்பாதான்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா: 2000 மே மாசம் அமெரிக்கா, சிவிலியன் ஜிபிஎஸ்ல வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழைய எடுத்துவிட்டுச்சு. அதுவரைக்கும் நூறு மீட்டர் வரைக்கும் தப்பா காட்டிக்கிட்டிருந்தது ஒரே ராத்திரில பத்து மீட்டருக்குள்ள வந்துருச்சு. மறுநாளே ஓரிகன்ல ஒருத்தர் ஒரு பக்கெட்ட காட்டுல வெச்சுட்டு அது இருக்கிற எடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள நெட்ல போட்டாரு. அங்க ஆரம்பிச்சதுதான் இது. எண்கள் குடுப்பாங்க, போய்த் தேடணும், உள்ள இருக்கிற நோட்ல பேர எழுதிட்டு அப்படியே திருப்பி வெச்சிரணும்.

இப்ப என் கத. ரெண்டு மணி நேரத்துல போன் சார்ஜ் இறங்கிருது, மழை பெஞ்சா ஸ்கிரீன் விரலக் கேக்கமாட்டேங்குதுன்னு கடுப்பாகி கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் வாங்கினேன். 2019ல வந்த மாடல், அறிமுக விலையே அமெரிக்கால இருநூறு டாலர்தான். பக்கத்துல இருந்த 32எக்ஸ் முன்னூறு. ரெண்டும் ஒரே சைஸ், ஒரே 2.2 இஞ்ச் ஸ்கிரீன், ரெண்டு டபுள் ஏ பேட்டரி, 25 மணி நேரம், 142 கிராம். நூறு டாலர எதுக்கு விடணும்னு 22எக்ஸ எடுத்துட்டேன். வித்தியாசம் என்னன்னு பாக்ஸ்லயே போட்டிருக்கான், நான்தான் படிக்கல.

ரயில் காரிடர் தெரியும்ல, 2011ல ரயில நிறுத்தினதுக்கப்புறம் நடைபாதையா ஆன பழைய மலாயா ரயில்பாதை, 24 கிலோமீட்டர். அதுல ஒரு பெரிய மரத்துக்கிட்ட நானும் பொண்ணும் நிக்கறோம், மிஷின் ஒன்பது மீட்டர்னு காட்டுது, எந்தப் பக்கம் ஒன்பது மீட்டர்னு பாக்க அப்படியே திரும்பறேன், அம்பு என்கூடவே திரும்புது. மரத்தப் பாத்தா மரத்தக் காட்டுது, ரோட்டப் பாத்தா ரோட்டக் காட்டுது. கொசு வேற. பொண்ணு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அப்பா, நீங்க நடந்தாத்தான் அதுக்குத் திசை தெரியும் போல"ன்னா. கரெக்ட். 22எக்ஸ்ல எலக்ட்ரானிக் காம்பஸ் கெடையாது. நகரும்போது முந்தின புள்ளி, இப்ப இருக்கிற புள்ளி ரெண்டையும் வெச்சுத்தான் திசைய கணக்குப் போடும், நின்னா அதுக்குக் கண்ணு கட்டிவிட்ட மாதிரி. ஹைக்கிங்க்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, நடந்துக்கிட்டேதானே இருப்போம். ஆனா நம்ம வெளையாட்டே கடைசி பத்து மீட்டர்ல நின்னு, குனிஞ்சு, திரும்பித் தேடறதுல இருக்கு. அந்த நேரத்துல திசை தெரியலன்னா மிச்சது எல்லாம் வேஸ்ட்.

அதனால எந்த மாடல் பாத்தாலும் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான், மூணு அச்சு காம்பஸ், அதாவது நின்ன எடத்துலயே திசை சொல்ற எலக்ட்ரானிக் காம்பஸ் இருக்கா. 32எக்ஸ்ல இருக்கு. கார்மினோட பெரிய மாடல் ஜிபிஎஸ்மேப் 65ல இல்ல, 65எஸ்ல இருக்கு, அந்த ஒரு 'எஸ்' எழுத்துக்கு அறிமுக விலையில அம்பது டாலர் வித்தியாசம். குடுத்துருங்க.

32எக்ஸ செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட, பேரு வேணாம். போட்டோல பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பின் மூடியத் தெறந்தா ஸ்பிரிங்ல பச்சையா பூத்துக் கெடக்கு, எப்பவோ போட்ட பேட்டரி உள்ளயே ஒழுகியிருக்கு. மெசேஜ் போட்டா பதிலே இல்ல. காட்டன் பட்ஸ்ல வினிகர் தொட்டுத் தேச்சு, ஈரம் காஞ்சப்புறம் அழிரப்பரால உரசி, மூணாவது தடவதான் உயிர் வந்துச்சு. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க ஸ்கிரீனப் பாக்காதீங்க, மூடியத் தெறந்து காட்டச் சொல்லுங்க. மெமரி கார்டு ஸ்லாட்டும் அந்த பேட்டரிக்கு அடியிலதான் இருக்கு, அதையும் பாத்துருங்க.

பேட்டரின்னதும் ஞாபகம் வருது. ரீசார்ஜ் பேட்டரி போட்டா சிஸ்டம் செட்டிங்ல பேட்டரி வகைய மாத்தணும். ஆல்கலைன்னா 1.5 வோல்ட், ரீசார்ஜ் 1.2. மாத்தலன்னா முழு சார்ஜ் இருந்தும் பாதிதான்னு பொய் காட்டும், நான் ரெண்டு வாரம் நல்ல பேட்டரிய திட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம் பேட்டரி மாத்தினா காம்பஸ திரும்ப காலிபரேட் பண்ணிடுங்க, அதாவது திசைய சரியா காட்ட செட் பண்ணிடுங்க, கார் பக்கத்துலயோ இரும்பு பெஞ்ச் மேலயோ இல்லாம வெட்டவெளியில. ஒரு நிமிஷ வேலை, இத விட்டுட்டு "அம்பு தப்பா காட்டுது"ன்னு புலம்பற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன், அதுல நானும் ஒருத்தன்.

இன்னொரு கூத்து. ஜியோகேச்சிங்ல எண்கள் பாகை, தசம நிமிஷம்னு வரும், வடக்கு 1° 21.300 இப்படி. நான் அத நிமிஷம், செகண்டுன்னு நெனச்சு 21 நிமிஷம் 30 செகண்டுன்னு அடிச்சுட்டேன். 30 செகண்டுன்னா அர நிமிஷம், அதாவது 21.500. வித்தியாசம் 0.2 நிமிஷம், பாக்க ஒண்ணுமே இல்ல, நடந்தா 370 மீட்டர். கடைசி இலக்கம் ஒண்ணு மாறினாலே கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நகரும்னு தெரிஞ்சதே அன்னிக்குத்தான். புது மிஷின் வந்த உடனே பொசிஷன் ஃபார்மட்டையும் (எண்கள காட்டற வடிவம்), மேப் டேட்டம் (எண்களுக்கு அடிப்படையா எடுக்கிற பூமி அளவு) டபிள்யூஜிஎஸ் 84 தான் இருக்கான்னும் ஒரு தடவ பாத்துருங்க.

இதெல்லாம் கையால அடிக்கவே வேணாம்ங்கிறது வேற விஷயம். ஜியோகேச்சிங் வெப்சைட்ல பிரீமியம் மெம்பர்ஷிப் எடுத்தா ஒரே குவரில, அதாவது ஒரே தேடல்ல, ஆயிரம் டப்பா வரைக்கும் மிஷின் படிக்கிற ஜிபிஎக்ஸ் ஃபைலா எறக்கி மிஷினுக்குள்ள போட்டுக்கலாம், விவரம், குறிப்பு, முன்னாடி தேடினவங்க எழுதின லாக் எல்லாம் அதுலயே படிக்கலாம், நெட் வேணாம். ஈட்ரெக்ஸ்ல எழுத்து அடிக்கணும்னா அந்தக் குட்டி ஜாய்ஸ்டிக்க ஒவ்வொரு எழுத்தா தள்ளணும், பொறுமைக்கு ஒரு சோதனை. கேபிள் பழைய மினி யூஎஸ்பி. 2019ல ஒரு பொருள விட்டுட்டு மினி யூஎஸ்பி குடுக்கணும்னு எந்த மகராசனுக்குத் தோணுச்சோ, வீட்ல எல்லா ட்ராயரையும் கவுத்து பழைய கேமராவோட கேபிள கண்டுபிடிச்சேன். மேப்புக்கு மட்டும் காசு குடுக்காதீங்க, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல செஞ்ச ஃப்ரீ மேப்ப மெமரி கார்டுல போட்டா நல்லாவே இருக்கு.

65எஸ் என்கிட்ட இல்ல, கூட வர்ற அண்ணன்கிட்ட இருக்கு. எல்1, எல்5ன்னு ரெண்டு அலைவரிசைய வாங்குறதால மோதித் திரும்பி வர்ற சிக்னல பிரிச்சுத் தள்ள முடியும், அதான் அதோட விசேஷம். மெக்ரிட்சி பக்கம் அடர்த்தியான மரத்தடியில அதையும் என் 32எக்ஸையும் ஒரே கல்லு மேல வெச்சுட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டே பாத்தோம். என்னோடது நின்ன எடத்துலயே ஆறு, பதினொண்ணு, எட்டு மீட்டர்னு அலைஞ்சுச்சு, அவரோடது மூணு நாலுக்குள்ளயே நின்னுச்சு. நல்ல மிஷின், ஒத்துக்கறேன். ஆனா 217 கிராம், பேட்டரி 16 மணி நேரம்தான், அறிமுக விலை நானூறு டாலர். அதவிட முக்கியம், டப்பாவ வெச்ச ஆளு பழைய போன வெச்சு எண்ண எடுத்திருந்தா அவர் பிழையே ஏழெட்டு மீட்டர் இருக்கும். தப்பான எடத்துக்கு ரொம்ப துல்லியமா கூட்டிட்டுப் போக நானூறு டாலரான்னு கேட்டேன். அண்ணன் சிரிச்சுட்டு, "நான் வாங்கினது தேடறதுக்கு இல்லடா, வைக்கறதுக்கு"ன்னாரு. அது நியாயம். டப்பா வைக்கிற ஆளுன்னா 65எஸ் வாங்கலாம், வாங்கி எடுத்த எண்கள சராசரி பண்ற ஆவரேஜ் லொக்கேஷனையும் பயன்படுத்துங்க, ஒன்றரை மணி நேர எடைவெளி விட்டு நாலஞ்சு தடவ அதே எடத்துல எண் எடுத்தா அடுத்து வர்ற ஜனங்க உங்கள வாழ்த்தும்.

இங்க ஒரு டிப்பு. ரிசர்வ் காட்டுல பாதைய விட்டு எறங்கக்கூடாது, டப்பா வைக்கிறவங்களுக்கும் அதே சட்டம்தான். அதனால மிஷின் ஏழு மீட்டர் காட்டுக்குள்ளன்னு காட்டினா நம்பாதீங்க, டப்பா பாதையோரத்துலதான் எங்கயோ இருக்கும். நான் மிஷின நம்பி வேலியத் தாண்டாம அங்கயே பாதையோர மரத்து வேருங்கள தடவினேன், ரெண்டாவது வேர்ல இருந்துச்சு, ஃபிலிம் டப்பா.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது 2023ல வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ. நூத்தம்பது டாலருக்கு அறிமுகமாச்சு, மேப்பு கெடையாது, கறுப்பு வெள்ளை ஸ்கிரீன், பாக்க பழைய கால்குலேட்டர் மாதிரி, ஆனா வெயில்ல போன் இருட்டாத் தெரியறப்ப இது பளிச்சுன்னு தெரியும். காம்பஸ் இருக்கு, அதான் வேணும். டபுள் ஏ ரெண்டுல 168 மணி நேரம்னு கம்பெனி சொல்லுது. மேப்புக்குத்தான் பாக்கெட்ல போன் இருக்கே, போனோட ப்ளூடூத்ல சேர்த்தா டப்பா லிஸ்டும் அதுவழியா வந்துரும். நான் வாங்கினப்ப இது இருந்திருந்தா 22எக்ஸும் இல்ல, வினிகரும் இல்ல.

பெரிய மாடல் பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு, ஜிபிஎஸ்மேப் 67ஐ மாதிரி பேருக்குப் பின்னால 'ஐ' இருந்தா அதுல சேட்டலைட் வழியா மெசேஜ் அனுப்புற இன்ரீச் இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போறப்ப அத பையில போட்டுட்டுப் போயிராதீங்க, இந்தியால அரசாங்க அனுமதி இல்லாம அந்த மாதிரி கருவி வெச்சிருக்கிறது குத்தம், ஏர்போர்ட்ல மாட்டினவங்க இருக்காங்க. வெறும் ஜிபிஎஸ் வாங்கற கருவி வேற, இது வேற.

22எக்ஸ் என்னாச்சுன்னா, விக்கல. பொண்ணு சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டியிருக்கோம். சைக்கிள் ஓடிக்கிட்டேதானே இருக்கும், அதுக்கும் திசை தெரிஞ்சுக்கிட்டே இருக்கு.