கொல்லுலைக்கு நிலக்கரியா, சீமைக்கருவேலங்கரியா: கிட்டத்தை வைத்து ஓர் ஒப்பீடு

திருப்பாச்சேத்திப் பக்கத்தில் அரிவாள் அடிக்கும் பட்டறை எங்களுடையது. அப்பா காலத்தில் சீமைக்கருவேலங்கரியில் எரிந்துகொண்டிருந்த உலையை, மின்சார புளோயர் வாங்கிய கையோடு நான் நிலக்கரிக்கு மாற்றினேன். ஆறு ஆண்டுகள் அதில் வேலை பார்த்துவிட்டு, சென்ற தை மாதத்தில் மீண்டும் கரிக்கே திரும்பினேன். மதுரை, மானாமதுரை வட்டாரத்தில் புதிதாக உலை போடுகிறவர்கள் எது நல்லது என்று என்னிடம் கேட்பதால், இரண்டிலும் கைபட உழைத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சாய்வு கரியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை, கந்தக நெடி, அக்கம்பக்கத்து வீட்டாரின் வருத்தம் ஆகியவற்றில் கரியே மேல் என்பது எல்லாரும் அறிந்ததுதான். விலை மலிவில் நிலக்கரி மேல் என்பதும் அப்படியே. என்னை மாற வைத்தது இவை எதுவுமல்ல, கிட்டம்.

நிலக்கரி முழுவதும் எரிந்துபோவதில்லை. அதனுள் மணற்சத்தும் களிமண்சத்தும் இரும்புச்சத்தும் கலந்திருக்கின்றன. நெருப்பு தணிவாக இருக்கும்வரை இவை சாம்பலாக உதிர்கின்றன. புளோயர் காற்றில் உலையின் நடுப்பகுதி 1,300 டிகிரியைத் தாண்டும்போது அந்தச் சாம்பல் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கீழே வழிந்து, காற்று நுழையும் வாயருகே குளிர்ந்து இறுகுகிறது. இதைத்தான் கிட்டம் என்கிறோம். சிட்டம் என்று சொல்வோரும் உண்டு. ஆறிய கிட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் கரும்பச்சை நிறத்தில் கண்ணாடிபோலப் பளபளக்கும். உடைத்த இடத்தில் குமிழ் குமிழாகத் துளைகள் தெரியும். அடிப்புறத்தில் காற்றுவாய்த் தகட்டின் ஓட்டைகள் அச்சாகப் பதிந்திருக்கும். விளிம்பு பட்டால் விரல் கீறிவிடும் என்பதால் வெறுங்கையால் அள்ளக் கூடாது.

சாம்பல் மிகுந்த நிலக்கரியில்தான் கிட்டம் மிகுதியாகச் சேரும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்குவரை சாம்பல் இருப்பது சாதாரணம். ஆனால் அதில் மணற்சத்தும் களிமண்ணிலுள்ள அலுமினாவும் மிகுதி என்பதால் அது பெரும்பாலும் உயர்ந்த சூட்டில்தான் உருகும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் இந்தோனேசிய நிலக்கரியில் சாம்பல் மிகக் குறைவு. ஆயினும் சுண்ணாம்பும் இரும்பும் கூடிய சாம்பலுள்ள சரக்கு வந்து சேர்ந்தால், அது தாழ்ந்த சூட்டிலேயே பாகாகிவிடும். சாம்பல் எவ்வளவு என்பதைவிட அது எந்தச் சூட்டில் உருகும் என்பதே உலைக்காரருக்கு வேண்டிய செய்தி. மூட்டைக் கணக்கில் வாங்கும் நமக்கு அதைச் சொல்லி விற்பார் இல்லை. ஒரு மூட்டையை வாங்கி ஒரு நாள் எரித்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவதே நான் கண்ட வழி.

இதோடு நம் தொழிலுக்கே உரிய தொல்லை ஒன்று சேர்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் படியும் செதில் உலைக்குள்ளும் உதிர்கிறது. அந்தச் செதில் மணற்சத்தோடு கூடினால் சுமார் 1,200 டிகிரியிலேயே உருகக்கூடிய பொருளாக மாறிவிடும். தனியே விட்டால் உருகாமல் கிடக்கும் சாம்பலையும் செதில் இழுத்து உருக்கிவிடுகிறது. இரும்போடு எஃகைப் பற்றவைக்க மணலும் வெங்காரமும் தூவும் நாளில் கிட்டம் இன்னும் விரைவாகச் சேருவதும் இதனால்தான்.

நிலக்கரியில் வேலை செய்வதானால் கிட்டத்தை எடுக்கும் முறையை முதலில் பழக வேண்டும். உருகிய நிலையில் கொக்கியை விட்டுக் கிண்டினால், கருப்பட்டிப் பாகுபோல அது உடைந்து நல்ல நிலக்கரியோடு கலந்துவிடும். பிறகு அன்று முழுவதும் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாம்பலைக் கீழிருந்து மேலே கிளறி நெருப்பின் நடுவே கொண்டுவருவதும் அதே தவறு. நான் பதறிக் கொக்கியை எடுக்கும்போதெல்லாம் அப்பா, “காத்தை நிப்பாட்டுப்பா, கிண்டாத, அது தானா இறுகட்டும்” என்பார். அவர் சொன்னபடி காற்றை நிறுத்திவிட்டு மூன்று நான்கு நிமிடம் காத்திருந்தால், பாகு இறுகிக் கட்டியாகும். அப்போது கொக்கியின் முனையைக் குழியின் அடித்தளத்தை ஒட்டிச் செலுத்தி மெல்ல நெம்பினால், இட்லி தட்டிலிருந்து எழும்புவதுபோல் ஒரே வில்லையாக எழும்பும். கொக்கி பட்டதும் கண்ணாடிச் சத்தம் கேட்டால் பதம் சரி. சத்தமில்லாமல் இழுபட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

முறை இவ்வளவு எளிதாக இருக்க, நான் ஏன் மாறினேன் என்பதற்கு நேரக் கணக்கே விடை. எங்கள் பட்டறையில் நாளொன்றுக்கு நான்கு முறை கிட்டம் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆறவிட 4 நிமிடம், எடுத்து ஒதுக்க 2 நிமிடம், நெருப்பைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவர 6 நிமிடம் என்று வைத்தால், 48 நிமிடம் போய்விடும். அந்த நேரம் முழுவதும் சம்மட்டி அடிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்; கூலியோ முழு நாளுக்கும் உண்டு. நிலக்கரியில் மிச்சமான பணத்தை இந்த நேரத்தின் கூலியோடு எழுதிப் பார்த்தபோது மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்திருந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு, எடுக்கத் தாமதமான கிட்டத்தால் வருவது. காற்றுவாயின் ஒரு பாதி அடைபட்டதும் காற்று மறுபாதி வழியே ஒரே பக்கமாகச் சீறுகிறது. மேலே பார்த்தால் நெருப்பு வழக்கம்போல் எரிவதாகத் தெரியும். கீழே ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் கிடக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து மெலிதாக்கிய அரிவாள் வாய் அந்த வெளுத்த பக்கத்தில் அகப்பட்டால், மத்தாப்புபோல் பொறி விட்டு எரிந்துவிடும். எரிந்த எஃகைத் திருத்த முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், ஒரே நாளில் இப்படி மூன்று அரிவாள்களை இழந்தேன்; மூன்றும் முக்கால் வேலை முடிந்தவை. நிலக்கரியை விட்டுவிட வேண்டும் என்று அன்று மாலையே முடிவு செய்தேன்.

சீமைக்கருவேலங்கரியில் சாம்பல் மிகக் குறைவு; நன்றாக வெந்த கரியில் நூற்றுக்கு 5 பங்குக்குள் அடங்கிவிடும். அதுவும் மாவுபோல் பறந்துவிடுவதால் நாள் முழுவதும் அடித்த பிறகும் குழியின் அடியில் உள்ளங்கையளவு கிட்டமே கிடைக்கிறது. மாலையில் நெருப்பு அடங்கியபின் ஒரே முறை எடுத்தால் போதும். அந்தச் சிறிது கிட்டமும் பெரும்பாலும் கரியால் வருவதன்று. செதிலும், கரியோடு ஒட்டி வந்த மண்ணும் சேர்ந்து உருகியதே அது. கரிமூட்டத்தை மண்ணால் மூடி எரிப்பதால் மூட்டையின் அடியில் மண் தங்கியிருக்கும். முதல் மாதத்தில் மூட்டையை அப்படியே கொட்டி எரித்தபோது, நிலக்கரிக்கு இணையாகக் கிட்டம் சேர்ந்து நானே மனம் தளர்ந்தேன். இப்போது சல்லடையில் அரித்து, தூளையும் மண்ணையும் கழித்த பிறகே உலைக்குக் கொண்டுவருகிறேன். மெல்லிய கிளைக்கரியைவிடத் தூர்க்கட்டையில் எடுத்த கரி கனமானது, நின்று எரியும். விலை சற்றுக் கூடினாலும் அதையே கேட்டு வாங்கலாம்.

கரிக்கு மாறும்போது உலையையும் மாற்றியாக வேண்டும். அப்பாவின் பழைய உலையில் துருத்திக் காற்று பக்கவாட்டிலிருந்து வந்தது. உருகியது எதுவானாலும் காற்றின் பாதைக்குக் கீழே வழிந்து தங்கியது. நான் நிலக்கரிக்காக வாங்கிய இரும்புக் குழியில் காற்று அடியிலிருந்து வருவதால், கிட்டம் நேராக அதன் வாயின் மேலேயே உட்கார்ந்தது. மீண்டும் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் குழியை ஒரு சாண் ஆழமாக்கி, காற்றைப் பக்கவாட்டுக்குத் திருப்பி, குழாயில் தள்ளித் திறக்கும் தகடு ஒன்றையும் பொருத்தினேன். கரி எடை குறைந்த பொருள். புளோயரை முழுவதும் திறந்தால் பொறி பறக்கும், கரியும் வீணாகும். கால்வாசி திறப்பே போதுமானதாக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எடைக்கு எடை கரிக்கு நான் ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுக்கிறேன். கிலோவுக்கு 7,000 கிலோகலோரி அளவில் வெப்பம் தருவதால் எடையில் ஓரளவு ஈடாகிறது. ஆனால் இடத்தை அடைக்கும், அடிக்கடி அள்ளிப் போட வேண்டும். கரி வெடித்துத் தெறிப்பதால் கண்ணாடி அணியாமல் உலையருகே நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டம் போடுவது குறைந்து விலை ஏறும். அதற்குள் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கிவிட வேண்டும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது, இனிக் கரி கிடைக்குமா என்ற பேச்சு பட்டறைகளில் எழுந்தது. நிலத்தடி நீருக்கும் கண்மாய்களுக்கும் அந்த மரம் செய்யும் கேட்டை நானும் வயலில் பார்த்தவன். வெட்டிய மரம் வீணாக எரிக்கப்படாமல் கரியாவது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் கோக்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. ஒரு மாதம் எரித்துப் பார்த்ததில் சூடு அபாரமாக இருந்தது. காற்று நின்ற சில நிமிடங்களிலேயே நெருப்பு அடங்கிவிட்டதால், மின்வெட்டு உள்ள ஊருக்கு ஒத்துவரவில்லை. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க நிலக்கரி அடுப்பு எரித்தவர்கள், கிட்டம் எளிதில் ஒட்டுவிட்டு வர வேண்டி நெருப்பில் சிப்பி ஓடுகளைப் போடுவது வழக்கமாக இருந்தது. அதை என் உலையில் நான் செய்து பார்த்ததில்லை.

கடப்பாரை முனை, கனத்த கொழு போன்ற வேலைகளுக்கு மட்டும் நிலக்கரியை இன்றும் ஒரு மூட்டை வைத்திருக்கிறேன். கனத்த இரும்பின் உள்வரை சூடு இறங்க நீண்ட நேரம் நின்றெரியும் நெருப்பு வேண்டும்; அதில் கரி தோற்றுவிடுகிறது. அந்த வேலையைப் பழைய இரும்புக் குழியில், வாரத்தில் ஒரே நாளில் சேர்த்துச் செய்கிறேன். முடிந்ததும் குழியைத் தட்டிப் பெருக்கி, காற்றுவாயின் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மூடிவைக்கிறேன்; சுண்டைக்காயளவு கிட்டம் தங்கிவிட்டாலும் அடுத்த வாரம் அது இளகி, புதிதாக விழும் செதிலைப் பிடித்துக்கொண்டு, வேலை தொடங்கிய அரை மணி நேரத்திற்குள் வாயை அடைத்துவிடுகிறது.