நித்தியகல்யாணியும் யூ மரமும்
வின்கிறிஸ்டின் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து. (அதற்காக இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், செடி விஷம்.) இன்னொரு புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சல் அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்தது.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்க, நுண்குழாய்கள் கயிறுபோல உருவாகும். பிறகு அவிழ்ந்து குறுகினால்தான் இழுவை நடக்கும். வின்கிறிஸ்டின் கயிற்றைத் திரிக்கவே விடாது. பாக்லிடாக்சலோ திரித்ததை அவிழ விடாது. நேரெதிர் வழிகள்தான், ஆனால் இரண்டிலும் செல் பாதியில் சிக்கிச் சாகும்.

நரம்புகளுக்கும் இதே குழாய்கள் வேண்டும். அதனால் இரண்டிலும் விரல்நுனி மரத்து, சட்டைப் பொத்தான் போடக்கூடத் தடுமாறும். வின்கிறிஸ்டினில் மலச்சிக்கல் பாடாய்ப்படுத்தும். பாக்லிடாக்சலில் முடி கொட்டும். அப்புறம், அது தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பார்கள்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின். மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்சல்.