தம்பி படிச்ச அரசு ஐ.டி.ஐ., ரெண்டு வருஷம் பாத்துட்டு எழுதுறேன்

என் தம்பி பத்தாவது முடிச்சதும் ஐ.டி.ஐ.ல, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்துல, மெஷின் பாகத்த ராவி பொருத்துற ஃபிட்டர் ட்ரேடுல சேந்தான், இப்ப ரெண்டு வருஷமும் முடிஞ்சு சர்டிஃபிகேட் கைக்கு வந்துடுச்சு. வடசென்னைல இருக்க அரசு ஐ.டி.ஐ. தான், குறையும் சொல்லப்போறதால பேரு போடல.

சேக்குறப்ப வீட்டுல பெரிய சண்டை. அப்பா ஹார்பர்ல லோடு வேலை, என் புள்ளையும் அழுக்கு சட்டையோடதான் வீட்டுக்கு வரணுமான்னு அழுதுட்டாரு. நான் தான் தம்பி பக்கம் நின்னேன். ஏன்னா நான் லோன் போட்டு ஒரு பிரைவேட் காலேஜ்ல இ.சி.இ. இன்ஜினியரிங் முடிச்சவ, நாலு வருஷத்துல லேப்ல மெஷின தொட்டது ரொம்ப கம்மி, ரெக்கார்டு நோட்ட பாத்து எழுதியே ஓட்டிட்டாங்க, இப்ப கால் சென்டர்ல இருக்கேன், சம்பளத்துல பெரும்பகுதி ட்யூவுக்கே போகுது. தம்பிக்கு புக்க தொறந்தா தூக்கம் வரும், ஆனா வீட்டு மிக்ஸி, ஃபேன், கீழ் வீட்டு மோட்டார் எல்லாம் அவன் தான் கழட்டி மாட்டுவான்.

எனக்கு ரொம்ப புடிச்சது ஒர்க்‌ஷாப் தான். ஆரம்பத்துல வாரக்கணக்கா அரம் வச்சு ராவுறது மட்டும். இரும்பு துண்ட வைஸ்ல இறுக்கி ராவி ராவி, மேல ட்ரை ஸ்கொயர்ன்ற மூலை மட்டத்த வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பாக்கணும், நடுவுல கீத்து மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா திரும்ப ராவணும். கையெல்லாம் கொப்புளம், அம்மா தினமும் எண்ண தடவி விடுவாங்க. அப்புறம் வெர்னியர்ன்ற அளக்குற கருவி, 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் பாக்கணும். ரெண்டு பீஸ் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரியா போய் உக்காந்த அன்னிக்கு ராத்திரி தூங்கிட்டிருந்த என்னை எழுப்பி சொன்னான். ஒரு படிப்ப பத்தி அவன் அவ்ளோ நேரம் பேசி நான் பாத்ததே இல்ல.

ட்ரெய்னிங் ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், யூனிஃபார்ம், ஷூ, புக்கு, பஸ் பாஸ். கவர்மென்ட் ஸ்கூல் பையன்றதால தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வந்துச்சு.

குறைன்னா, வாத்தியார் பத்தல, ஒரு லேத்துக்கு, அதாவது கடைசல் மெஷினுக்கு, நாலஞ்சு பேரு காத்துக் கெடக்கணும், பாத்ரூம் மோசம். இதெல்லாம் சரி பண்ணியே ஆகணும், இங்க வர்றவங்களும் புள்ளைங்க தானே.

ஒண்ணு அழுத்தி சொல்றேன், இத படிச்சிட்டு ஏழை பசங்களுக்கு எதுக்கு காலேஜ்னு யாரும் கெளம்பிடாதீங்க. வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ், பாரதி மகளிர் காலேஜ்னு போய் வீட்டுலயே மொத டிகிரி வாங்குனவங்க எங்க ஏரியால எத்தனையோ பேரு, அந்த கதவு எங்களுக்கு லேட்டா தான் தொறந்துச்சு. காலேஜ் போறதா வேணாமான்னு அந்த புள்ளை தான் சொல்லணும், வீட்டு கஷ்டமும் சொல்லக்கூடாது சொந்தக்காரங்களும் சொல்லக்கூடாது.

ஐ.டி.ஐ. போனா மேல படிக்க முடியாதுன்றதும் தப்பு. ரெண்டு வருஷ ட்ரேடு முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், டிப்ளமோ முடிச்சா பி.இ.யும் அதே மாதிரி. தம்பி இப்ப மணலி பக்கம் ஒரு கம்பெனில அப்ரன்டிஸ், டிப்ளமோ பத்தி அப்புறம் பாக்கலாம்னு சொல்றான்.

கீழ் வீட்டு பொண்ணு இந்த வருஷம் பத்தாவது, எலக்ட்ரீஷியன் ட்ரேடு கேக்குறா, அவங்க அம்மாவுக்கு பயம். அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப்ப பாத்துட்டு வரட்டும்னு எங்க அப்பாவே அவங்கள கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்காரு.