ஃபைபரோடு வரும் இலவச ரவுட்டர்: கேபிளில் புலி, வைஃபையில் எலி

வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம் என்று சொல்லி 100 எம்பிபிஎஸ் பிளானில் போட்டுவிட்டுப் போன பெட்டியைப் பற்றியது இந்த விமர்சனம். கம்பெனி பெயர் வேண்டாம், அக்கம்பக்கத்து வீடுகளில் வேறு வேறு கம்பெனிகள் வைத்திருக்கும் பெட்டிகளும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

லேப்டாப்பில் லேன் கேபிளைச் சொருகினால் 94 எம்பிபிஎஸ் வருகிறது. எந்த நேரம் பார்த்தாலும் 94தான். மீதி 6 எங்கே என்று சண்டைக்குப் போக வேண்டாம், 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் ஈதர்நெட்டின் சொந்தச் செலவு போக அவ்வளவுதான் கைக்கு வரும். அதே லேப்டாப்பில் கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபைக்கு மாறினால் ஹாலில் 30, படுக்கையறையில் 6 அல்லது 7, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடியோ கால் பேசினால் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்.

கஸ்டமர் கேரில் மரியாதைக்குக் குறைவில்லை. "சார், லைன் பக்காவா இருக்கு சார்" என்பார்கள். ஆள் அனுப்புகிறார்கள், அவரும் வந்து தன் லேப்டாப்பில் கேபிளைச் சொருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி, போனில் வரும் ஓடிபியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போகும்போது "300 பிளானுக்கு மாறிடுங்க, சரியாயிடும்" என்று ஒரு யோசனை வேறு. எப்படிச் சரியாகும்? வாசல் வரை 94 வந்து நிற்கிறது, வாசலிலிருந்து கட்டிலுக்குத்தான் வந்து சேரவில்லை. பெரிய பிளான் எடுத்தால் வாசலில் 300 வந்து நிற்கும், கட்டிலில் அதே 6தான்.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1தான், பிங் ஓடவிடுங்கள் (ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை), பின்னால் ஒரு மைனஸ் டி சேர்த்தால் நிற்காமல் ஓடும். கேபிளில் எனக்கு 1 மில்லிசெகண்டுக்குமேல் போகவே இல்லை. வைஃபையில் 3, 4, திடீரென்று 280, அப்புறம் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. இத்தனைக்கும் இது இணையத்துக்கே போகாத பிங், அதே வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் தொட்டுவிட்டு வருவதற்கே இந்தப் பாடு. அப்படியென்றால் ஃபைபர் மேல் குற்றமில்லை, கோளாறு பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே காற்றில்தான்.

காற்றில் என்ன பிரச்சினை? முதலாவது, இந்தப் பெட்டியில் கூட்டம் நிறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் '300 எம்பிபிஎஸ் வைஃபை' என்ற ஸ்டிக்கரை நம்பிவிடாதீர்கள், அது இரண்டு ஆன்டெனாவும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனலும் (அலைவரிசைக்குள் ஒரு பாதை) கிடைத்தால் வரும் காகிதக் கணக்கு. அபார்ட்மென்ட்டில் அந்த அகலத்துக்கு இடமே இல்லை. 20க்கு இறங்கினால் காகிதக் கணக்கே 144, நிஜத்தில் அதில் பாதி கிடைத்தால் பெரிய விஷயம். போனில் ஒரு இலவச வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால், மேல் வீடு, கீழ் வீடு, எதிர் பிளாக் என்று அத்தனை பேரின் பெட்டியும் 6ஆம் சேனலிலேயே குவிந்து கிடக்கின்றன. 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது, எங்கள் வீட்டில் சாதம் சூடு பண்ணும்போது பிங் தாறுமாறாக எகிறியது.

செட்டிங்ஸில் செய்ய முடிந்ததைச் செய்தேன். சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து, எங்கள் பக்கம் கொஞ்சம் காலியாக இருந்த 1இல் நிறுத்தினேன், அகலத்தை 20க்குக் குறைத்தேன். பாதுகாப்புப் பகுதியில் டிகேஐபி என்ற பழைய பூட்டு முறையையும் ஏஇஎஸ் என்ற புதிய முறையையும் கலந்து வைத்திருந்தார்கள், அதை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றினேன். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, டிகேஐபியில் இணையும் கருவி 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பேசவே பேசாது. அப்புறம் பெட்டியையே டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து, இரும்பு பீரோ குறுக்கே வராத மாதிரி உயரத்தில் மாட்டினேன். ஹாலில் 45 ஆனது, படுக்கையறையில் 15. பெட்டியின் உச்சம் அதுதான்.

கடையில் ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) வாங்கச் சொன்னார்கள். வேண்டாம். சாதா ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்புகிறது, வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இருப்பதே 15.

அதனால் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 என்ற தனி ரவுட்டர் வாங்கினேன். ஏசி1200 வகை, இரண்டு அலைவரிசையும் உண்டு, போர்ட்டுகள் எல்லாம் கிகாபிட். வைஃபை 6 என்ற அடுத்த தலைமுறை கிடையாது, 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அது தேவையும் இல்லை. பழைய பெட்டியிலிருந்து கேசிங் பட்டைக்குள் ஒரு கேட்-6 கேபிளை ஹால் நடுவரைக்கும் இழுத்து, புதியதை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் (வைஃபை கொடுக்கும் வேலை மட்டும்) போட்டு, பழையதில் வைஃபையை அணைத்தாயிற்று. இந்த மோடில் ஐபி முகவரி கொடுக்கும் வேலையைப் பழைய பெட்டியே பார்த்துக்கொள்கிறது, இரண்டும் மோதிக்கொள்வதில்லை. இப்போது ஹாலிலும் படுக்கையறையிலும் 5 கிகாஹெர்ட்ஸில் 90க்கு மேல் வருகிறது. இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிய சமையலறை மூலையில் மட்டும் 5 தளர்ந்துவிடும், அங்கே போன் தானாக 2.4க்கு இறங்கிக்கொள்கிறது, யூடியூபில் சமையல் பார்க்க அது போதும்.

இலவசப் பெட்டிக்கு என் மதிப்பெண்: கேபிளுக்கு 5க்கு 4, மழை நாளில்கூட லைன் விழவில்லை. வைஃபைக்கு 1. பிளானை வைத்துக்கொள்ளலாம், பெட்டியையும் வைஃபையை அணைத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையே வைக்காதீர்கள். கம்பெனி அங்கிருந்தே பெட்டியை ரீசெட் செய்தால் அதன் வைஃபை மறுபடி ஆன் ஆகிவிடுகிறது. பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால் போன் சத்தமில்லாமல் போய் அதில் ஒட்டிக்கொள்ளும், எதில் இருக்கிறோம் என்றே தெரியாது.