ஜென்கின்ஸ் பில்ட் ஏஜென்ட்டை டாக்கருக்குள் வைத்து எஸ்எஸ்எச்சில் இணைத்தது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கோடைத் தானாகக் கட்டி டெஸ்ட் செய்யும் ஜென்கின்ஸில், அந்த வேலையை உண்மையில் செய்யும் பில்ட் ஏஜென்ட்டுகளை டாக்கர் கன்டெய்னர்களாக (தனித்தனியாக அடைத்த சூழல்களாக) ஓடவிட்டு, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான ரிமோட் லாகின் வழியாக இணைத்து, சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். எங்கள் டீமின் ஜாவா பேக்எண்ட், நோட்.ஜேஎஸ் ஃபிரண்ட்எண்ட், இரண்டுக்குமான டெஸ்ட்டுகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. எப்படி அமைப்பது என்று சொல்லும் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. மாதக்கணக்கில் ஓடவிட்ட பிறகு எங்கே தொல்லை, எங்கே நிம்மதி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பது எளிது. ஜென்கின்ஸ் திட்டமே எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்ற பெயரில் ஒரு இமேஜ் (கன்டெய்னரை எழுப்புவதற்கான அச்சு) தருகிறது. அதில் ஜாவா, கிட், எஸ்எஸ்எச் சர்வர் மூன்றும் இருக்கும். பப்ளிக் கீயை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கன்டெய்னருக்குக் கொடுத்து, பிரைவேட் கீயை ஜென்கின்ஸின் கிரெடென்ஷியலில் வைத்து, ஏஜென்ட்டுக்கான பதிவாக ஒரு நோடு சேர்த்தால் போதும். வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஜென்கின்ஸ் சர்வரான கன்ட்ரோலர் உள்ளே நுழைந்து, ஏஜென்ட் நிரலான ரிமோட்டிங் ஜார் கோப்பை நகலெடுத்து, ஜாவாவில் ஓட்டிவிடும்.

இதில் கிடைக்கும் பெரிய நன்மை வேகமில்லை. பில்ட் மெஷினில் என்ன இருக்கிறது என்பது கிட்டில் எழுத்தாக இருக்கிறது, அதுதான். முன்பெல்லாம் ஒரே சர்வரில் நாலைந்து ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்), அதோடு எப்போதோ யாரோ போட்ட ஒரு நோட். எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியாது. இப்போது இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதிய டாக்கர்ஃபைலில் ஒரு வரி மாறினாலும் ரிவியூவுக்கு வருகிறது. சரிப்படவில்லை என்றால் பழைய டேகுக்குத் திரும்பிவிடலாம். எத்தனை தொல்லைகள் வந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விடமாட்டேன்.

தொல்லைகளில் முதலிடம் ஹோஸ்ட் கீக்கு, அதாவது ஒரு சர்வரின் அடையாளச் சாவிக்கு. ஒரு சர்வர் வருடக்கணக்கில் அதே சர்வராக இருக்கும் என்று எஸ்எஸ்எச் எதிர்பார்க்கிறது. கன்டெய்னரோ அழித்துவிட்டுத் திரும்ப எழுப்புவதற்கென்றே இருப்பது. எழுப்பும்போது புதுக் கீ உருவானால், ‘கீ மாறிவிட்டது’ என்று கன்ட்ரோலர் இணைய மறுக்கும். அதைச் செய்வதுதான் அதன் வேலை. எரிச்சலில் பலரும் ஜென்கின்ஸில் இருக்கும் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தேர்வைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோர்ஸ் கோடும், டிப்ளாய் செய்வதற்கான ரகசியங்களும் அந்த இணைப்பு வழியாகத்தான் போகின்றன. நாங்கள் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஹோஸ்ட் கீயை வெளியே ஒருமுறை உருவாக்கி, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, அதன் பப்ளிக் பகுதியை நோடின் அமைப்பில் கையால் பதிந்துவிட்டோம். இப்போது கன்டெய்னரை எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் அடையாளம் மாறுவதில்லை.

இது வெறும் தத்துவக் கவலை இல்லை. 2025 ஏப்ரலில் ஜென்கின்ஸ் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ-2025-32754 (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் பதிவு எண்) இருக்கிறது. டெபியன் அடிப்படையிலான அதே இமேஜில், 6.11.1 பதிப்பு வரை, இமேஜ் கட்டப்படும்போதே ஹோஸ்ட் கீ உருவாகி உள்ளே தங்கிவிட்டது. ஒரே பதிப்பை இழுத்த எல்லோரிடமும் ஒரே கீ. கன்ட்ரோலருக்கும் ஏஜென்ட்டுக்கும் நடுவில் நிற்கக்கூடிய ஒருவர் தன்னை ஏஜென்ட்டாகக் காட்டிக்கொள்ள அது போதும். 6.11.2-இல் சரிசெய்தார்கள். பழைய எஸ்எஸ்எச்-ஸ்லேவ் இமேஜையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உடனே மாறுங்கள். அதிலும் இதே ஓட்டை உண்டு.

அடுத்தது, பலரையும் குழப்பும் விஷயம்: கன்டெய்னருக்குக் கொடுத்த என்விரான்மென்ட் வேரியபிள்கள் எஸ்எஸ்எச் செஷனுக்குள் தானாக வராது. எஸ்எஸ்எச் சர்வர் ஒவ்வொரு லாகினுக்கும் புதிய சூழலைத்தான் தரும். ‘டாக்கர் எக்ஸெக்’ போட்டுப் பார்த்தால் வேரியபிள் இருக்கும், பில்டில் இருக்காது. அதிகாரப்பூர்வ இமேஜின் தொடக்க ஸ்கிரிப்ட் இதைப் பார்த்துக்கொள்கிறது. சொந்தமாக இமேஜ் கட்டுகிறவர்கள் அந்த ஸ்கிரிப்டை ஒருமுறை திறந்து படித்துவிடுவது நல்லது.

ஜாவா பதிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 அக்டோபரில் 2.479.1 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வந்தபோது ஜென்கின்ஸுக்குக் குறைந்தது ஜாவா 17 தேவையானது, ஏஜென்ட்டுக்கும் அதேதான். உங்கள் புராஜெக்ட் ஜாவா 8-இல் இருந்தால் அந்த ஜேடிகேயைத் தனியாக வையுங்கள். ஏஜென்ட் ஓடும் ஜாவாவும் கோடு கம்பைல் ஆகும் ஜாவாவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கன்ட்ரோலரை அப்கிரேட் செய்யும் முன் ஏஜென்ட் இமேஜை அப்கிரேட் செய்துவிட்டால் வம்பில்லை.

ஏஜென்ட்டுக்குள்ளிருந்தே டாக்கர் இமேஜ் கட்ட வேண்டியிருப்பவர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். கன்டெய்னர் ஓடும் மெஷினான ஹோஸ்டின் டாக்கர் சாக்கெட்டை, அதாவது டாக்கருக்குக் கட்டளை போகும் வாசலை, உள்ளே மவுண்ட் செய்வது சுலபம்தான். ஆனால் அந்தச் சாக்கெட்டைத் தொட முடிந்தவருக்கு ஹோஸ்டின் ரூட் அதிகாரம் கிடைத்த மாதிரி. புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் எவருடைய கோடும் அங்கே ஓடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு, உள்ளிருந்து வால்யூம் மவுண்ட் செய்தால் அந்தப் பாதையை டாக்கர் ஹோஸ்டில்தான் தேடும். ஒர்க்ஸ்பேஸ் காலியாக வந்து நிற்கும். டாக்கர் இல்லாமலே இமேஜ் கட்டும் கனிகோவை நம்பியிருந்தவர்களுக்கு, 2025-இல் கூகுள் அந்த ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிட்டது. நாங்கள் இமேஜ் கட்டும் வேலையை மட்டும் ஒரு தனி விஎம்மில் (விர்ச்சுவல் மெஷினில்), டாக்கர் போலவே இயங்கி ரூட் அதிகாரம் கேட்காத ரூட்லெஸ் பாட்மேனுக்கு ஒதுக்கிவிட்டோம். கொஞ்சம் மெதுவு, ஆனால் மனம் அமைதியாக இருக்கிறது.

பில்ட் 137 என்ற எக்ஸிட் கோடுடன் செத்தால் முதலில் மெமரி வரம்பைப் பாருங்கள். கன்டெய்னரில் ஏஜென்ட்டின் ஜாவா, பில்ட் கருவியான மேவனின் ஜாவா, டெஸ்ட்டுக்காக அது கிளப்பும் ஜாவா என்று எல்லாம் ஒரே வரம்பைப் பங்குபோடுகின்றன. குரோம் வைத்து டெஸ்ட் ஓட்டினால், டாக்கர் இயல்பாகத் தரும் 64 எம்பி ஷேர்டு மெமரி பற்றாது, கூட்டிக் கொடுங்கள். ஆல்பைன் இமேஜ் சிறியதுதான், ஆனால் கிளிப்சி என்ற சி லைப்ரரிக்காகக் கட்டிய பைனரிகள் அதில் ஓடாமல் ‘கோப்பு இல்லை’ என்று சொல்லும்போது நேரம் வீணாகிறது. நான் டெபியனையே பரிந்துரைப்பேன். மேவன், என்பிஎம் கேஷ்களை நேம்டு வால்யூமில் வைத்தது நல்ல பலன் தந்தது. கன்டெய்னர் போனாலும் கேஷ் தங்குகிறது.

எஸ்எஸ்எச் எல்லோருக்கும் பொருந்தாது. கன்ட்ரோலரால் ஏஜென்ட்டை நேரடியாக அடைய முடிய வேண்டும். உள் முகவரிகளை வெளியிலிருந்து மறைக்கும் என்ஏடிக்குப் (NAT) பின்னால் ஏஜென்ட் இருந்தாலோ, பில்டுக்கு ஒன்றாகப் பிறந்து அழியும் கன்டெய்னர்கள் வேண்டும் என்றாலோ, ஏஜென்ட்டே கன்ட்ரோலரை அழைக்கும் இன்பவுண்டு முறைக்குப் போங்கள். 2020 முதல் அது வெப்சாக்கெட்டிலும் இயங்குகிறது, தனி போர்ட் திறக்க வேண்டாம். எங்களுடையது ஒரே நெட்வொர்க்கில் நிரந்தரமாக நிற்கும் ஏஜென்ட்டுகள் என்பதால் எஸ்எஸ்எச் போதும். ஐஓஎஸ் பில்டுக்கு மேக்ஓஎஸ் வேண்டும், அதை லினக்ஸ் கன்டெய்னரில் அடைக்க முடியாது. அதற்கென இருக்கும் மேக் மினியையும் ஜென்கின்ஸின் இதே எஸ்எஸ்எச் ப்ளக்இன்னில்தான் இணைத்திருக்கிறோம்.