தொண்ணூறில் நடுங்கும் ஸ்டீயரிங்: சென்னை டயர் கடைகளின் வீல் பேலன்சிங் காசுக்குத் தகுமா?

தாம்பரம் தாண்டும்வரை வண்டி அமைதியாக இருக்கும். செங்கல்பட்டு பக்கம் 85, 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கும். இந்தப் புகாரோடு டயர் கடைக்குப் போனால் 'அலைன்மென்ட், பேலன்சிங் ரெண்டையும் பண்ணிடலாம் சார்' என்பார்கள். இந்த நடுக்கத்துக்கு மருந்து பேலன்சிங்தான், அதாவது சக்கரத்தை மெஷினில் சுற்றிப் பார்த்து, எடை எல்லாப் பக்கமும் சமமாகும்படி சின்ன வெயிட் வைப்பது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது; அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். அந்தக் குறி எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

பேலன்சிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம் கூடுதல் எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த 30 கிராம் கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். 50-ல் போனால் அதே எடை ஒன்றேகால் கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரிவதில்லை.

கடைக்குப் போகும் முன் வண்டியே சில விஷயங்களைச் சொல்லிவிடும். ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரம், சீட்டும் தரையும் ஆடினால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் கோளாறு, அதைப் பேலன்சிங் தீர்க்காது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆடி, காலை எடுத்ததும் நின்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையா? டயர் நான்கும் ஒரே அளவு என்றால் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் சீட்டுக்குப் போனால் குறை வீலிலோ டயரிலோதான். ஸ்டீயரிங்கிலேயே நின்றால் ஹப் (வீலை மாட்டும் நடுப்பகுதி), டிஸ்க், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

இனி சேவையைப் பற்றி. பேலன்சிங் மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெடுவதெல்லாம் வீலை மாட்டும் அவசரத்தில். வீலை மெஷினின் நடுவில் உட்காரவைக்கும் கூம்புதான் கோன்; ரிம்மின் நடு ஓட்டைக்குப் பொருந்தாத கோனைப் போட்டு முறுக்கினால் வீல் ஒரு நூல் தள்ளி உட்காரும். மெஷின் அந்தத் தப்பான நடுவை வைத்தே கணக்குப் போடும், திரையில் இரண்டு பக்கமும் 0 காட்டும். ரோட்டில் ஸ்டீயரிங் முன்பு போலவே ஆடும். ரிம்மின் அகலம், விட்டம், மெஷினிலிருந்து தூரம் மூன்றையும் சரியாகக் கொடுக்காமல், முந்தைய வண்டியின் அளவிலேயே சுற்றிவிடுவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். 0 வந்த பிறகு வீலைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். 5 கிராம் காட்டினால் பரவாயில்லை. 15, 20 காட்டினால் வீல் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். முகம் சுளிக்காமல் இதைச் செய்து காட்டும் கடைக்குத்தான் திரும்பிப் போகலாம். என் மதிப்பீட்டில் மெஷினின் பிராண்டை விட இதுதான் பெரிது.

பழைய வெயிட் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ரிம்மின் உள்பக்கச் சேற்றைச் சுரண்டிய பிறகே வீல் மெஷினில் ஏற வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு உள்ளே காய்ந்து கிடக்கும் மண்ணே நடுக்கத்துக்குப் போதும். அலாய் வீலுக்கு ஒட்டும் வெயிட், ஸ்டீல் ரிம்முக்கு அடிக்கும் வெயிட். மெஷின் ஒரே பக்கத்தில் 60, 70 கிராம் கேட்டால் ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. டயரை ரிம்மில் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வர வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் ரிம் பெண்டாகியிருக்கலாம். ஒரு பேனாவை ரிம் ஓரத்தில் அசையாமல் பிடித்து வீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். டயரிலும் அப்படியே பாருங்கள். ஒரு இடத்தில் புடைப்பு இருந்தால் உள்ளே நூலோ கம்பியோ விட்டுப்போயிருக்கிறது. அதில் பேலன்சிங் செய்து ஹைவேயில் ஏறுவது ஆபத்து, டயரை மாற்றியே ஆக வேண்டும்.

வெளியில் வாங்கிய அலாய் போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஹப் 54.1 மில்லிமீட்டர், அலாயின் நடு ஓட்டை 73.1 என்றால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் அவசியம். அது இல்லாமல் நட்டை நம்பி மாட்டிய வீல் சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிட்டால், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் ஆட்டம் போகாது.

திரும்ப மாட்டும் இடத்திலும் ஒரு கண் இருக்கட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளில் ஹப் முகத்தில் துரு படிந்திருக்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் வீலை வைக்க வேண்டும். நட்டை எதிரெதிராக, கையால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), மேனுவலில் உள்ள அளவுக்கு. ஏர் கன்னில் ஒரே மூச்சாக அடித்தால் டிஸ்க் கோணிக்கொண்டு, இல்லாத பிரேக் நடுக்கம் புதிதாக வரலாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.